ஜார்ஜ் முல்லரின் கணக்குப் புத்தகம்

1836 பிப்ரவரி 3. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில், ஆலயத்தை ஒட்டிய சிறிய அறை ஒன்றில் ஜார்ஜ் முல்லர் என்ற முப்பது வயதுப் போதகர் காத்துக்கொண்டிருந்தார். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கப்போகிறார். பிள்ளைகளைச் சேர்க்க விரும்புகிறவர்கள் அன்று வந்து பெயர் கொடுக்கலாம் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார். வீட்டுக்காக ஜெபம் பண்ணியிருந்தார். பணத்துக்காகவும், கட்டில் மேசை தட்டுகளுக்காகவும், வேலைசெய்யும் ஆட்களுக்காகவும் ஜெபம் பண்ணியிருந்தார். எல்லாம் வந்து சேர்ந்துகொண்டிருந்தன. அன்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தும் ஒருவர்கூட எட்டிப்பார்க்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. எல்லாவற்றையும் கேட்டவர், பிள்ளைகள் வர வேண்டும் என்று மட்டும் கேட்கவே இல்லை. ஊரில் அநாதைகளுக்கா பஞ்சம், சொல்லிவிட்டால் வந்து நிற்பார்கள் என்று தன் போக்கில் முடிவுகட்டியிருந்தார். அன்று மாலை அதற்காகவும் முழங்காலில் நின்றார். மறுநாள் முதல் விண்ணப்பம் வந்தது. அதன்பின் நாற்பதுக்கும் மேல் வந்தன.

இதை எழுதிவைத்தவர் அவரேதான். தன் கணிப்பு பிசகிய நாளையும் தேதி போட்டுப் பதிவுசெய்து, அச்சடித்தும் வெளியிட்டார். வேலைக்காலம் முழுக்க வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்து பணம் எண்ணியவள் நான். இப்போது நெல்லைப் பக்கத்தில் எங்கள் சேகரத்துக்கு (சபைகளின் வட்டாரத்தை அப்படிச் சொல்வோம்) பொருளாளர். என்னை மாதிரி ஆட்களுக்கு அற்புதக் கதைகளைவிட ரொக்கப் புத்தகம்தான் நன்றாகப் பேசும். முல்லரை நான் மதிப்பதும் அதனால்தான். கடவுளை நம்புவது என்று ஒரு மனிதன் சொல்வதன் அர்த்தத்தை அவருடைய வரவு செலவில் வரிவரியாகப் படிக்கலாம்.

கிறிஸ்தவர் அல்லாத நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. "எல்லாத்தையும் சாமி பார்த்துக்கும்னு விட்டுட்டா மனுஷன் எதுக்கு உழைக்கணும்? தன்னம்பிக்கை இல்லாதவன் எப்படி முன்னேறுவான்?" நியாயமான கேள்வி. அதைவிட எனக்குக் கவலை தருவது, எங்கள் ஆலயங்களிலேயே இப்போது தன்னம்பிக்கைப் பேச்சு வசன முலாம் பூசிக்கொண்டு வருவதுதான். கிறிஸ்துவினால் எல்லாம் செய்ய எனக்குப் பெலன் உண்டு என்ற பொருளில் பவுல் பிலிப்பியருக்கு எழுதிய வசனம் இன்று பள்ளிக்கூடச் சுவரிலும், காபி கோப்பையிலும், பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் பேனா டப்பாவிலும் இருக்கிறது. அந்தக் கடிதத்தை எழுதியபோது பவுல் காவலில் இருந்தார். அந்த இடத்தில் அவர் பேசுவது ஜெயிப்பதைப் பற்றி அல்ல. பசியாக இருக்கவும் தெரியும், வயிறு நிறைந்திருக்கவும் தெரியும், குறைவோ நிறைவோ எதிலும் இருந்துகொள்ள முடியும் என்கிறார். பணம் அனுப்பி உதவியவர்களுக்கு எழுதிய நன்றிக் கடிதத்தின் கடைசிப் பகுதி அது. அதை முதல் மார்க் வாங்கும் மந்திரமாக்குவது பவுலுக்குச் செய்கிற நியாயம் இல்லை.

அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் தொடக்கத்தில் வேறொன்றைச் சொல்கிறார். ஆசியா நாட்டில் தாங்க முடியாத பாரம் வந்தது, பிழைப்போம் என்ற நம்பிக்கையே போய்விட்டது, எங்களை நாங்களே நம்பாமல் மரித்தவர்களை எழுப்புகிற தேவனை நம்பும்படிக்கே அப்படி நேர்ந்தது என்கிறார். தன்னை நம்பாமல் கடவுளை நம்புவதைப் பற்றிய எந்தப் பிரசங்கத்துக்கும் ஊற்று இதுதான். நம்மிடம் திறமை இல்லை என்று அவர் சொல்லவில்லை. கூடாரம் தைக்கத் தெரிந்தவர், பல மொழி பேசுகிறவர், வாதத்தில் யாருக்கும் சளைக்காதவர் அவர். கையில் இருக்கும் திறமையின்மேல் வீட்டைக் கட்டாதே என்பதுதான் பேச்சு.

முல்லருக்கு இதைப் புரிந்துகொள்வது நம்மைவிடச் சுலபமாக இருந்திருக்கலாம். தன்னை நம்ப முடியாது என்பதற்கு அவர் கையில் போதுமான சான்று இருந்தது. 1805இல் பிரஷ்யாவில் பிறந்தவர். அப்பா வரி வசூலிக்கும் அரசு அலுவலர். அவர் வீட்டில் வைத்திருந்த அரசுப் பணத்திலேயே பையன் கைவைத்தான். பதினாறு வயதில் விடுதிகளில் தங்கி, வாடகை கொடுக்காமல் நழுவப் பார்த்துச் சிறைக்குப் போனான். வங்கியில் ஆள் எடுக்கும் மேசையில் நான் உட்கார்ந்திருந்தால் இந்த விண்ணப்பத்தை இரண்டாம் முறை பார்த்திருக்க மாட்டேன். தகப்பனின் விருப்பத்துக்காகத்தான் ஹாலே பல்கலைக்கழகத்துக்கு இறையியல் படிக்கப் போனார். அங்கே 1825இல் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் அவர் வாழ்க்கை திரும்பியது.

ஹாலே நமக்குப் புதிய பெயர் இல்லை. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு அங்கே படித்தவர். ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்ற பேராசிரியர் பதினேழாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் அங்கே ஓர் அநாதை இல்லம் தொடங்கினார். தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்களை அச்சிட்டு ஐரோப்பாவில் பரப்பியதும் அந்த நிறுவனம்தான். ஏழை மாணவராக இருந்தபோது முல்லர் அதே கட்டடங்களில் சில காலம் வாடகையில்லாமல் தங்கினார். பிறகு இங்கிலாந்தில் இருக்கும்போது பிராங்கேயின் வாழ்க்கை வரலாற்றைப் படித்துத்தான் தன் இல்லத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார்.

இங்கிலாந்துக்கு அவர் போனது 1829இல். அடுத்த ஆண்டு டெவன் கடற்கரையில் டீன்மவுத் என்ற ஊரில் சிறிய சபைக்குப் போதகரானார். மேரி குரோவ்ஸ் என்பவரைத் திருமணம் செய்தார். அந்நாளில் அங்கே ஆலய இருக்கைகளுக்கு வாடகை உண்டு. பணம் உள்ளவர் முன்னால் நல்ல இடத்தில் உட்காரலாம், ஏழை பின்னால். போதகரின் சம்பளம் அந்த வாடகையிலிருந்து வரும். முல்லர் இரண்டையும் விட்டுவிட்டார். ஆலயத்தில் ஒரு பெட்டி வைக்கப்பட்டது. மனமுள்ளவர் போடலாம், யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. புதிதாகக் கல்யாணமான பெண் இதற்கு ஒத்துக்கொண்டதை வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள். வீட்டுச் செலவை ஓட்டிய எந்தப் பெண்ணிடமும் கேட்டுப் பாருங்கள், அது ஒரு வரிச் சமாசாரம் இல்லை.

இல்லம் தொடங்கியதற்கு அவர் சொன்ன காரணம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பிள்ளைகள்மேல் பரிவு உண்டுதான். ஆனால் முதல் நோக்கம் வேறு. தன் சபையாரின் வீடுகளுக்குப் போகும்போது நாளுக்குப் பதினான்கு, பதினாறு மணி நேரம் உழைக்கிற மனிதர்களைப் பார்த்தார். உடம்பும் தேய்ந்து, ஜெபிக்க மனமும் இல்லாமல் போயிருந்தார்கள். வேலையைக் கொஞ்சம் குறைத்தால் குடும்பம் என்ன ஆகும் என்ற பயம். வியாபாரிகள் மனசாட்சிக்கு ஒவ்வாததைச் செய்துவிட்டு, இல்லாவிட்டால் தொழில் நிற்காது என்றார்கள். வயதானவர்கள் ஏழைகள் விடுதியில் போய்ச் சாக வேண்டிவருமோ என்று நடுங்கினார்கள். அந்த ஊரில் அப்போது அது வீண் பயமும் இல்லை. அப்படிப்பட்ட விடுதியின் கொடுமையைக் காட்டும் 'ஆலிவர் ட்விஸ்ட்' கதையைச் சார்லஸ் டிக்கன்ஸ் தொடராக எழுதத் தொடங்கியது 1837இல்தான். இவர்களிடம் கடவுளை நம்புங்கள் என்று பிரசங்கம் செய்து பயனில்லை, கண்ணால் பார்க்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்று முல்லர் நினைத்தார். கையில் காசில்லாத ஒருவன், எந்த மனிதரிடமும் கேட்காமல், அநாதைகளை வளர்த்துக் காட்டினால் அவர்களுக்குத் தைரியம் வரும் அல்லவா?

அதற்காக அவர் வைத்துக்கொண்ட ஒழுங்குகள்தான் என் தொழிலுக்கு அருகில் வருகின்றன. யாரிடமும் பணம் கேட்பதில்லை. தேவை இவ்வளவு என்று வெளியாரிடம் சொல்வதும் இல்லை. கடன் கிடையாது. ரொட்டிக்காரருக்கு வாரக் கடைசியில் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம்கூடப் பிறகு நின்றது, அன்றன்று பணம் கொடுத்தால்தான் பொருள் வாங்குவது என்றானது. வந்த பணம் ஒவ்வொன்றும் தேதியோடு பதிவாகும். ஒரு பென்னி வந்தாலும் பதிவாகும். ஆண்டறிக்கையில் தொகைகள் வரும், கொடுத்தவர் பெயர் வராது. ஆகவே பேருக்காகக் கொடுக்கிறவர்களுக்கு அங்கே வேலையில்லை.

இதில் ஓட்டை இருக்கிறது என்று அந்தக் காலத்திலேயே சொன்னார்கள். 'கேட்க மாட்டேன்' என்று வருஷா வருஷம் அச்சடித்து அனுப்புவதே ஒருவிதமாகக் கேட்பதுதானே? எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. 1841 டிசம்பரைப் பற்றி வாசித்தபோதுதான் அது பாதியளவு தீர்ந்தது. ஆண்டுக் கூட்டம் நடத்தி அறிக்கை வாசிக்க வேண்டிய நேரம். கையில் காசு வற்றியிருந்தது. அப்போது கூட்டம் போட்டால் நிலைமை வெளியே தெரியும், ஜனங்கள் கொடுப்பார்கள். முல்லரும் உடன் ஊழியரும் கூட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். அடுத்த சில மாதங்கள் இருப்பதற்குள்ளேயே நெருக்கடியான மாதங்களாக அமைந்தன. அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்ற நாட்கள் வந்தன. இல்லத்தில் வேலைசெய்தவர்கள் தங்கள் கையிருப்பைக் கொண்டுவந்து போட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒரு வேளையும் தவறவில்லை. நிதி திரட்டும் தந்திரக்காரர் யாரும் இப்படிச் செய்ய மாட்டார். மீதிப் பாதிச் சந்தேகம் என்னிடம் இன்னும் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஞாயிறு பள்ளியில் முல்லரைப் பற்றிச் சொல்லும்போது தவறாமல் வரும் கதை ஒன்று உண்டு. காலி மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்க, முல்லர் நன்றி சொல்லி ஜெபிக்க, ராத்திரி தூக்கம் வராத ரொட்டிக்காரர் கதவைத் தட்ட, வாசலில் பால்வண்டி உடைந்து நிற்க என்று போகும். நல்ல கதைதான். எனக்குப் பிடித்தது 1857 நவம்பர் கடைசியில் நடந்த கொதிகலன் சமாசாரம். அதற்குள் ஊருக்கு வெளியே ஆஷ்லி டவுன் குன்றில் பெரிய கட்டடம் எழும்பி, முந்நூறு பிள்ளைகள் இருந்தார்கள். வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் ஒழுகத் தொடங்கியது. அதைச் சுற்றிச் செங்கல் கட்டு. இடித்துத்தான் பார்க்க வேண்டும், அதற்கு அடுப்பை அணைக்க வேண்டும். ஆட்களை வரச்சொல்லி நாள் குறித்தாயிற்று. அப்போது பார்த்துக் கடும் வாடைக்காற்று ஆரம்பித்தது. சின்னஞ்சிறுசுகள் குளிரில் என்ன செய்யும்?

முல்லர் இரண்டு காரியம் கேட்டார். வாடை தென்காற்றாகத் திரும்ப வேண்டும். நெகேமியா காலத்தில் எருசலேம் மதிலைக் கட்டியவர்களுக்கு இருந்த மாதிரி வேலையாட்களுக்கு வேலையில் மனம் இருக்க வேண்டும். முந்தின நாள் மாலைவரை வாடைதான். குறித்த நாளில் தென்றல் வீசியது, அடுப்பே தேவைப்படவில்லை. இரவு எட்டரை மணிபோல் வேலையாட்களின் மேலாளர் வந்து, ஆட்கள் நேரங்கழித்தும் வேலைசெய்துவிட்டு நாளைக் காலையில் சீக்கிரம் வருவார்கள் என்றார். ஆட்களோ, இல்லை ஐயா, ராத்திரி முழுக்கச் செய்து முடித்துவிடுகிறோம் என்றார்கள்.

காற்று திரும்பியதை ஜெபத்தின் பலன் என்று எடுத்துக்கொள்வதும் தற்செயல் என்பதும் வாசிப்பவர் இஷ்டம். நான் கவனிப்பது வேறு. ஆளுக்குச் சொல்லியனுப்பியது, நாள் குறித்தது, இடிக்க முடிவுசெய்தது எல்லாம் முல்லர். முழங்காலில் நின்றுவிட்டுக் கொதிகலன் தானாக அடையட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. தன்னால் ஆனதில் குறைவைக்கவில்லை. தன் கைக்கு எட்டாதது எது என்பதில் அவருக்குக் குழப்பமே இருந்ததில்லை.

வேதாகமத்திலும் இந்த எல்லைக்கோடு தெளிவாகத்தான் இருக்கிறது. நியாயாதிபதிகள் புத்தகத்தில் கிதியோனிடம் 32,000 பேர் இருந்தார்கள். பயப்படுகிறவர்களைப் போகச் சொன்னதும் 10,000 ஆனார்கள். தண்ணீர் குடித்த விதத்தை வைத்துக் கழித்தபோது 300 பேர் மிஞ்சினார்கள். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. எங்கள் கையே எங்களை இரட்சித்தது என்று ஜனங்கள் பெருமை பேசக்கூடாது என்பதற்காக அப்படி என்று காரணமும் அங்கேயே எழுதியிருக்கிறது. ஆனாலும் அந்த 300 பேரும் எக்காளமும் தீவட்டியும் பானையும் எடுத்துக்கொண்டு ராத்திரியில் நடக்கத்தான் வேண்டியிருந்தது. தாவீது சவுலின் கவசத்தைக் கழற்றிவைத்தான், கவணைக் கழற்றிவைக்கவில்லை. மற்றவர்கள் ஓடினாலும் நான் ஓட மாட்டேன் என்று சொன்ன பேதுரு, அதே ராத்திரியில் ஒரு வேலைக்காரப் பெண்ணுக்குப் பயந்து மறுதலித்தார். பின்னால் ஏரிக்கரையில் இயேசு மூன்று முறை கேட்டபோது, மற்றவர்களோடு தன்னை ஒப்பிட்டு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. உமக்கே தெரியும் என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

முல்லரின் வழி திருநெல்வேலிக்கு அவர் காலத்திலேயே வந்தது. நம் ஆட்களில் பலருக்கு இது தெரியாது. அவருடைய மனைவியின் அண்ணன் ஆன்டனி நாரிஸ் குரோவ்ஸ், எக்ஸிட்டரில் பல் மருத்துவர். ஆண்டுக்கு 1,500 பவுண்டு சம்பாதித்தவர். அதை விட்டுவிட்டு, எந்தச் சங்கத்தின் சம்பளமும் இல்லாமல் 1829இல் பாக்தாத்துக்குப் போனார். அங்கே கொள்ளைநோயில் மனைவியைப் பறிகொடுத்தார். 1833இல் அவர் இந்தியாவுக்கு வந்தபோது உடன் பயணம் செய்தவர் ஆர்தர் காட்டன். ஆம், கொள்ளிடத்திலும் கோதாவரியிலும் அணை கட்டிய அதே காட்டன்தான்.

குரோவ்ஸோடு சேர்ந்தவர்களில் ஒருவர் பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்த ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். மிஷன் சம்பளத்துக்கு உபதேசியாராகப் போனால் அந்நாளில் நிலையான பிழைப்பு. அருளப்பன் அதை வேண்டாம் என்றார். சம்பளம் கொடுக்கிறவர் வெள்ளைக்காரராக இருக்கும்வரை ஜனங்கள் இதை வெள்ளைக்காரர் வேலை என்றுதான் பார்ப்பார்கள் என்பது குரோவ்ஸுக்கும் அவருக்கும் இருந்த எண்ணம். 1840இல் கிறிஸ்டியான்பேட்டை என்ற குடியிருப்பை உண்டாக்கி, உழைத்தும் கிடைத்ததைக் கொண்டும் ஊழியம் நடத்தினார். பிரிஸ்டலிலிருந்து முல்லர் அனுப்பிய உதவியும் அவருக்கு வந்தது. 1860இல் தென் மாவட்டங்களில் பரவிய எழுப்புதலில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1867இல் இறந்தார். 1901இல் டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்க்கத் தொடங்கிய ஏமி கார்மைக்கேல் அம்மாவும் பணத்துக்காக வேண்டுகோள் விடாத அதே ஒழுங்கைத்தான் வைத்துக்கொண்டார்.

முல்லர் 1898 மார்ச்சில், 92 வயதில் இறந்தார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்த இல்லங்களில் வளர்ந்திருந்தார்கள். அவர் கைவழியாகப் போன பணம் ஏறத்தாழ 15 லட்சம் பவுண்டு. அவருக்குச் சொந்தமாக இருந்தது, வீட்டுச் சாமான் மதிப்பையும் சேர்த்து, 170 பவுண்டுக்கும் குறைவு. அப்பாவின் பணப்பெட்டியில் கைவைத்த பையனின் கணக்கு இப்படி முடிந்திருக்கிறது. என் வாசிப்பில், தன்னை நம்பாத மனிதன் என்பதால்தான் அவர் ஒவ்வொரு பென்னியையும் எழுதிவைத்தார். தன்மேல் முழு நம்பிக்கை உள்ளவர்கள் கணக்குக் காட்டச் சொன்னால் கோபப்படுவார்கள். "என்மேல் சந்தேகமா?" என்பார்கள். கடவுளை நம்புகிறேன் என்று மேடையில் முழங்கிவிட்டு வரவு செலவை மூடிவைக்கிறவர் உண்மையில் நம்புவது யாரை என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

எங்கள் சேகரத்தில் இப்போது கல்யாண மண்டபம் கட்டும் பேச்சு ஓடுகிறது. கமிட்டியில் ஒரு பெரியவர், "விசுவாசத்தோட கடனை வாங்குவோம்மா, கர்த்தர் அடைச்சிருவாரு" என்றார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். ஜாமீன் கையெழுத்து யார் போடுவது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. ஆஷ்லி டவுனில் முதல் கட்டடத்துக்கு 15,000 பவுண்டு போல் தேவைப்பட்டதையும், கட்டட ஒப்பந்தங்களுக்கு வேண்டிய பணம் கையில் வந்த பிறகுதான் முல்லர் 1847இல் வேலையைத் தொடங்கினார் என்பதையும் சொன்னேன். "அக்கா, அது வெள்ளக்காரன் காலம். இப்ப சிமென்ட் விலை மாசத்துக்கு மாசம் ஏறுது" என்றார் வாலிபர் சங்கச் செயலாளர். அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. காத்திருந்தால் எஸ்டிமேட் எகிறும்.

உணவுத் திருவிழா நடத்திப் பணம் சேர்க்கலாமா என்று பெண்கள் ஐக்கிய சங்கத்தார் கேட்டார்கள். முல்லர் சம்மதித்திருக்க மாட்டார். பவுலோ எருசலேமின் ஏழைகளுக்காகச் சபை சபையாகக் கேட்டு வசூலித்தவர், கொரிந்தியருக்கு இரண்டு அதிகாரம் அதைப் பற்றியே எழுதியிருக்கிறார். ஆகவே கேட்பது தப்பு என்று நான் எப்படிச் சொல்வேன்? நடத்துங்கள் என்றேன். ஐயர் (குருவானவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) கடன் பேச்சை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார். மண்டபத்துக்கென்று தனிக் கணக்குத் தொடங்கவும், அசனப் பண்டிகைக்கு (சபையாரின் பொது விருந்துக்கு) முன்னால் வரவு செலவை நோட்டீஸ் போர்டில் ஒட்டவும் சொல்லியிருக்கிறார். பெயர்கள் போடலாமா கூடாதா என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. கல்வெட்டில் தங்கள் அப்பா பேர் வரும் என்று நம்பிக் கொடுத்தவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள்.